காலை 6 மணி அறிக்கை எங்கே மாட்டிக்கொள்கிறது?

திருகோணமலைக்கு அருகே நிலாவெளியில் ஒரு ஹோட்டல். முந்தைய நாளின் அறை வாடகை, சாப்பாட்டு வரவு எல்லாவற்றையும் கூட்டி, தினமும் காலை 6 மணிக்கு முதலாளிக்கு மின்னஞ்சலில் அனுப்ப சேர்வரில் ஏற்பாடு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாள் அறிக்கை வரவில்லை. நடந்ததைப் பதிந்துவைக்கும் லொக் கோப்பிலோ 'அனுப்பியாயிற்று' என்று கிடக்கிறது. புரோகிராம் பொய் சொல்லவில்லை. மெயில் சேர்வரிடம் கையளித்ததோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது. அங்கிருந்து முதலாளியின் இன்பொக்ஸ் வரை இன்னும் பாதி வழி இருக்கிறது. ஆகவே செட்டிங்கை மாற்றத் தொடங்கும் முன், எந்தக் கட்டத்தில் நின்றது என்று பாருங்கள்.

முதலில், வேலை ஓடியதா? வாடகை சேர்வர்களின் கடிகாரம் பெரும்பாலும் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடும். இலங்கை நேரம் அதைவிட ஐந்தரை மணித்தியாலம் முந்தியது. குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் க்ரொனில் 6:00 என்று எழுதினால் திருகோணமலையில் அறிக்கை 11:30க்குத்தான் வரும். 0:30 என்று எழுத வேண்டும். கையால் ஓட்டினால் ஓடுகிறது, க்ரொனில் ஓடவில்லை என்றால் இரண்டு சந்தேகம். ஒன்று, புரோகிராமைத் தேட க்ரொனுக்குத் தெரிந்த ஃபோல்டர் பாதைகள் மிகக் குறைவு. புரோகிராமின் முழுப் பாதையையும் எழுதுங்கள். மற்றது, கோப்பின் பெயரில் திகதி சேர்க்கப் போடும் சதவீதக் குறி. க்ரொன் அதைப் புது வரியாக எடுத்துக்கொள்ளும். முன்னால் பின்சாய்கோடு போட்டால் சரி.

வேலை ஓடியிருந்தால் மெயில் வரிசையைப் பாருங்கள். போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சேர்வர் மென்பொருளில் 'மெயில்க்யூ' கட்டளை போதும். போகாத கடிதத்தை அது வழக்கமாக 5 நாள் வரை வைத்து மீண்டும் மீண்டும் முயலும். வரிசையில் அந்தக் கடிதத்தின் பக்கத்தில், நேரம் கடந்து தொடர்பு அறுந்ததாக எழுதியிருந்தால், சேர்வரை வாடகைக்குத் தந்த கிளவுட் நிறுவனம் 25ஆம் போர்ட்டை, அதாவது மெயில் சேர்வர்கள் ஒன்றுக்கொன்று கடிதம் கொடுக்கும் வாசலை, அடைத்திருக்கக்கூடும். ஸ்பாமைத் தடுக்கப் பலரும் செய்வதுதான். 587 அல்லது 465 வழியாக, கணக்குப் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து அனுப்புங்கள்.

மறுபக்க சேர்வர் பதில் சொல்லியிருந்தால், அதன் மூன்று இலக்க எண்தான் முக்கியம். 4இல் தொடங்கினால் 'பிறகு வா'. 5இல் தொடங்கினால் 'வராதே'. 535 என்றால் கடவுச்சொல் செல்லவில்லை. ஜீமெயில் கணக்காக இருந்தால், யாராவது முதல்நாள் கடவுச்சொல்லை மாற்றினார்களா என்று விசாரியுங்கள். புரோகிராமுக்கென எடுத்த 16 எழுத்துச் செயலிக் கடவுச்சொல்லும் அத்தோடு செல்லாமல் போய்விடும். புதிதாக எடுக்க வேண்டும்.

552 பெரும்பாலும் பருமன் சிக்கல், அதுவும் மெல்ல வளர்ந்து வருவது. இணைப்புக் கோப்பின் ஒவ்வொரு 3 பைட்டும் மின்னஞ்சலில் 4 எழுத்தாக மாறுகிறது. அதனால் 20 எம்பி பிடிஎஃப் 27 எம்பி அளவுக்கு வீங்கும். ஜீமெயிலில் அனுப்பும் எல்லை 25 எம்பி. போஸ்ட்ஃபிக்ஸின் இயல்பு எல்லையோ 1,02,40,000 பைட்டுகள்தான். பில் படங்களையும் சேர்த்து அனுப்பும் அறிக்கை மார்கழி மழையில் ஒழுங்காகப் போகும். மே முதல் செப்டெம்பர் வரையான சீசனில், கூட்டம் நிரம்பி வழியும் ஒரு வார இறுதிக்குப் பிறகு நின்றுவிடும். படங்களைச் சேர்வரிலேயே வைத்து அவற்றுக்கான லிங்க்கை மட்டும் அனுப்புவதுதான் உருப்படியான வழி. எல்லையை உயர்த்திப் பயனில்லை, அடுத்த சேர்வர் தடுக்கும்.

'ஏற்றுக்கொண்டேன்' என்று பொருள்படும் 250 வந்தும் இன்பொக்ஸில் இல்லையா? ஸ்பாம் பெட்டியைத் திறங்கள். 2024 பெப்ரவரியிலிருந்து கூகுள், அனுப்புபவர் எவராயினும் எஸ்பிஎஃப் (டொமைன் பெயரில் அனுப்பலாம் என்ற சேர்வர்களின் பட்டியல்) அல்லது டிகேஐஎம் (கடிதத்தில் போடும் டிஜிட்டல் கையொப்பம்) கேட்கிறது. சேர்வரின் ஐபி எண் டொமைனின் எஸ்பிஎஃப் பதிவில் இருக்க வேண்டும். சேவையை மாற்றும்போது பழைய பதிவைத் திருத்தாமல் இரண்டாவது ஒன்றைச் சேர்ப்பவர்கள் ஏராளம். ஒரு டொமைனுக்கு ஒரு பதிவுதான். இரண்டிருந்தால் இரண்டுமே செல்லாது.

அனுப்புநர் முகவரியையும் பாருங்கள். பெட்டியே இல்லாத முகவரியிலிருந்து அனுப்பினால், திரும்பி வரும் மறுப்புக் கடிதத்துக்குப் போக இடமில்லை. யாராவது திறந்து பார்க்கும் முகவரியைப் போட்டால், அடுத்த முறை காரணம் தானாகவே வந்து சேரும்.