ஜாம்பி: நடைப்பிணம்

ஜாம்பி என்பது இறந்தபின் எழுந்து நடமாடும் உடல். பேய்க்கு உடல் இல்லை. ஆனால் பகையும் ஆசையும் நினைவும் உண்டு. ஜாம்பிக்கோ உடல் மட்டுமே உண்டு, உள்ளே ஆள் இல்லை. கையில் பணமில்லாத திரைப்படக்காரர்களுக்கு இது உகந்த பாத்திரமானதற்குக் காரணம் இந்தப் பொருளிலேயே இருக்கிறது.

இச்சொல் கரீபியன் தீவு நாடான ஹைட்டியின் கிரியோல் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குச் சென்றது. அதன் வேர் கொங்கோ, அங்கோலாப் பகுதி மொழிகளில் இருப்பதாகப் பலர் கருதுகின்றனர்; கிகொங்கோ மொழியில் கடவுளைக் குறிக்கும் 'ந்சாம்பி' என்ற சொல்லை அவர்கள் சுட்டுவதுண்டு. ஹைட்டி மக்களின் நம்பிக்கைப்படி, 'போகோர்' எனப்படும் மந்திரவாதி இறந்தவனை எழுப்பித் தன் வயலில் வேலை வாங்குவான். அந்த ஜாம்பி யாரையும் கடிப்பதில்லை, உழைக்க மட்டுமே செய்யும். பிரெஞ்சுக்காரரின் கரும்புத் தோட்டங்களில் அடிமைப்பட்டு, சாவிலாவது விடுதலை கிட்டும் என்றிருந்தவர்களின் வழிவந்தோருக்கு, செத்தும் ஓயாத உழைப்பைவிடக் கொடிய அச்சம் வேறு இருந்திருக்காது. ஹைட்டி அமெரிக்கப் படையின் பிடியில் இருந்தபோது, 1929இல் வில்லியம் சீப்ரூக் வெளியிட்ட பயண நூல் இச்சொல்லை அமெரிக்காவில் பரப்பியது. 1932இல் வந்த 'ஒயிட் ஜாம்பி' அதைத் திரைக்குக் கொண்டுவந்தது. அதுவும் சிறுமுதலீட்டுப் படமே.

மனித இறைச்சி தின்னும் இன்றைய ஜாம்பிக்கு உருக்கொடுத்தது, 1968இல் பிட்ஸ்பர்க் நகரைச் சார்ந்து ஜார்ஜ் ரொமேரோவும் நண்பர்களும் ஏறத்தாழ 1,14,000 டாலரில் எடுத்த 'நைட் ஆஃப் த லிவிங் டெட்'. அப்படத்தில் ஜாம்பி என்ற சொல்லே வராது; பிணந்தின்னி எனப் பொருள்படும் அரபுவழிச் சொல்தான் வரும். கறுப்பு வெள்ளைப் படம் என்பதால் சாக்லேட் பாகு இரத்தமாயிற்று. இறைச்சிக் கடைக்காரர் ஒருவர் கொடுத்த குடலும் இறைச்சியும் பிணங்களின் தீனியாயின. பாழ்பட்ட ஒரு பண்ணை வீடு, சுற்றிலும் தள்ளாடி வரும் ஊர்க்காரர்கள் என அவ்வளவில் படம் முடிந்தது. விநியோக நிறுவனம் தலைப்பை மாற்றியபோது பதிப்புரிமைக் குறிப்பு விடுபட்டதால் படம் பொதுவுடைமையாகி, எடுத்தவர்களுக்குச் சேரவேண்டிய வருவாய் பெருமளவு கைவிட்டுப் போனது. எவரும் திரையிடலாம் என்ற அந்நிலையே படத்தை எங்கும் கொண்டுசேர்த்தது என்பது அவர்களுக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும் என்று சொல்வதற்கில்லை.

இவ்வகைப் படங்களில் நடிப்பவர் வசனம் பேச வேண்டியதில்லை. காலை இழுத்து நடக்கத் தெரிந்தால் போதும். செலவில்லாத இந்த நடையைப் பார்வையாளரும் ஒருவகை உரிமையோடு இரசிக்கின்றனர்: ஒப்பனை உரிந்து தெரிந்தாலும் அழுகிய தோல் என்றே கொள்ளலாம் அல்லவா? 2017இல் ஷினிச்சிரோ உஎதா ஏறத்தாழ 30 இலட்சம் யென்னில் எடுத்த 'ஒன் கட் ஆஃப் த டெட்' இந்தக் குறைகளையே கதையாக்கியது. அதன் தொடக்கத்தில் 37 நிமிடம் வெட்டின்றி ஓடும் ஒரே காட்சியில், கேமராவின் கண்ணாடியில் இரத்தம் தெறிக்கிறது; ஒரு கை வந்து அதைத் துடைக்கிறது. படத்தின் பிற்பகுதியோ, அக்காட்சியை எடுக்கக் குழுவினர் பட்ட பாட்டை ஒவ்வொன்றாக அவிழ்த்துக் காட்டுகிறது.

இனித் தமிழ்ச்சொல். ஒலிபெயர்ப்பாகச் 'சோம்பி' என எழுதினால் சோம்பேறியின் நினைவே வரும். பேச்சில் நிலைத்திருப்பது ஜாம்பிதான். பிணத்துள் புகும் வேதாளம் விக்கிரமாதித்தனிடம் விடாமல் கதை சொல்லிப் புதிர்போடும் அளவுக்கு அறிவுடையது, ஆகவே பொருந்தாது. பிணந்தின்னி என்பது பிணத்தைத் தின்பதையே குறிக்கும்; இங்கோ பிணம் உயிருள்ளோரைத் தின்கிறது. 2016இல் வெளியான தமிழ்ப் படம் மிருகத்தையும் மனிதனையும் இணைத்து 'மிருதன்' என்று பெயர் பெற்றது. நல்ல ஆக்கம், எனினும் அச்சொல்லில் சாவைவிட வெறியே முந்தித் தெரிகிறது. நடைப்பிணம் என்பதே சரியான இணை என்பது என் துணிபு. பிணம், நடை ஆகிய இரு கூறும் அதில் உள்ளன; மேலும், ஊக்கமெல்லாம் வற்றி உயிரோடு மட்டும் இருப்பவரை 'நடைப்பிணமாகிவிட்டார்' என்று நாம் சொல்வது, ஹைட்டி வயலில் உழைத்த ஜாம்பிக்கு ஹாலிவுட் ஜாம்பியைவிட நெருக்கமானது.

ஒரு விலக்கு உண்டு. 2002இல் டேனி பாய்ல் பெரும்பகுதியைச் சிறிய டிஜிட்டல் கேமராக்களில் எடுத்த '28 டேஸ் லேட்டர்' படத்தில் பாய்ந்து ஓடி வருபவர்கள் இறந்தவர்கள் அல்லர், கிருமி தொற்றியவர்கள். அவர்கள் பிணமும் அல்லர், நடப்பவரும் அல்லர் என்பதால் அவர்களைத் தொற்றுற்றோர் என்று சொல்வதே பொருந்தும்.