பெர்க் விண்ட்: தமிழில் என்ன சொல்வது?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஜூலை மாதம் குளிர்காலம். அந்தக் குளிரின் நடுவே சில நாள் திடீரென்று வெயில் 30 டிகிரியைத் தாண்டிவிடும். உதடு வெடிக்கும், மூக்கு காயும், நெற்றிப்பொட்டு விண்விண்ணென்று தெறிக்கும். இந்தியர்கள் நிறைந்த சாட்ஸ்வொர்த் பகுதியில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "பெர்க் விண்ட் அடிக்குது."

'பெர்க்' டச்சு வழியாக ஆப்பிரிகான்ஸ் என்ற தென்னாப்பிரிக்க மொழிக்கு வந்த சொல். மலை என்று பொருள். 'விண்ட்' அந்த மொழியிலும் காற்றுதான். டிராகன்ஸ்பெர்க் மலைக்கு அப்பால் மேட்டுநிலத்தில் உயர் அழுத்தம், டர்பன் இருக்கும் நேட்டால் கரையோரத்தில் தாழ்வழுத்தம் என்று அமைந்தால் காற்று கடலை நோக்கி இறங்கும். இறங்க இறங்க அழுத்தம் கூடிக் காற்று நெருக்கப்படுவதால், 1000 மீட்டருக்கு ஏறத்தாழ 10 டிகிரி சூடேறும். மேலே 15 டிகிரியில் கிளம்பிய காற்று 1500 மீட்டர் இறங்கிக் கரைக்கு வரும்போது 30. கூடவே ஈரப்பதமும் சரிந்துவிடும்.

சரி, தமிழில்? நேராக 'மலைக்காற்று' என்று போட்டால் பொருள் தலைகீழாகிவிடும். புவியியல் பாடநூல்களில் மலைக்காற்று என்பது இரவில் சரிவு வழியே பள்ளத்தாக்குக்கு இறங்கும் குளிர்காற்று. பேச்சு வழக்கிலோ, ஊட்டிக்குப் போய் வாங்கிவரும் காற்று.

பழந்தமிழில் திசைக்கொரு காற்று உண்டு: வடக்கே வாடை, தெற்கே தென்றல், கிழக்கே கொண்டல், மேற்கே கோடை. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஈரத்தை இறக்கிவைத்துவிட்டு வறண்டு வருவது கோடை. மேற்கே மலை, கிழக்கே கடல்; நேட்டாலின் அமைப்பும் அதேதான். ஆல்ப்ஸ் மலையிலிருந்து இறங்கும் இதே வகைக் காற்றை ஜெர்மன் மொழியில் 'ஃபோன்' (Föhn) என்கிறார்கள் (முடி உலர்த்தும் கருவிக்கும் அதுவே பெயர்). மூலம் 'ஃபவோனியஸ்' என்ற லத்தீன் சொல். அதற்கும் மேல்காற்று, அதாவது மேற்கிலிருந்து வரும் காற்று என்றுதான் பொருள்!

ஆனால் இன்று கோடை என்றால் பருவம். குளிர்காலத்தில் அடிப்பதைக் கோடைக்காற்று என்றால் யாருக்குப் புரியும்? என் ஓட்டு 'மேல்காற்று'க்கு. அறிவியல் கட்டுரையில் 'மலையிறங்கு வெப்பக்காற்று' என்று விரித்துக்கொள்ளலாம். மாரியம்மனுக்குக் கஞ்சி ஊற்றும் மாதத்தில் வந்தால் ஆடிக்காற்று என்றே சொல்லிவிடலாம். அம்மி பறக்காவிட்டாலும் பந்தல் பறக்கும்.

உடம்புக்கு வருவோம். தலைவலிக்கு எல்லாரும் அழுத்தத்தின் மேல்தான் பழியைப் போடுகிறார்கள். கரையோரத் தாழ்வழுத்தத்தில் குறைவது சில மில்லிபார் மட்டுமே. டர்பனிலிருந்து மேட்டுநிலத்தில் இருக்கும் ஜோகன்னஸ்பர்க்குக்குக் காரில் போனால் ஏறக்குறைய 180 மில்லிபார் குறைகிறது. காது அடைக்குமே தவிர, போகிறவர்கள் எல்லாருக்கும் மண்டையிடி வந்துவிடுவதில்லை. அதனால் சூடு, வறட்சி, காற்றின் வேகம் இவற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும். கனடாவின் கால்கரியில் இதே இனத்தைச் சேர்ந்த சினூக் காற்றை வைத்துச் செய்த ஆய்வு 2000இல் வெளியானது. ஒற்றைத் தலைவலிக்காரர்களில் சிலருக்குக் காற்று வருவதற்கு முந்தைய நாளே வலி வந்தது. வேறு சிலருக்கு அது பலமாக அடிக்கும் நாளில். "நாளைக்குக் காத்து வரும் பாரு, இப்பவே தலை சொல்லுது" என்கிற ஆயாக்களின் பேச்சை இனிமேல் சிரித்துத் தள்ள முடியாது.

வறட்சி செய்யும் வேலை இன்னும் தெளிவானது. மூக்கின் உட்படலம் காய்ந்து வெடித்தால் இரத்தம் கசியும். வியர்வை வந்த சுவடே தெரியாமல் உலர்ந்துவிடுவதால், உடம்பில் நீர் குறைவது தெரியாது. அதுவும் தலைவலியாகத்தான் வெளிவரும். சுக்கை உரசி நெற்றியில் பற்றுப் போடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. அதற்கு முன் இரண்டு டம்ளர் தண்ணீர் குடியுங்கள்.

அப்புறம் காற்று திசை மாறித் தெற்கிலிருந்து அடிக்கும். வெப்பம் மளமளவென்று இறங்கி, மறுபடி ஸ்வெட்டர் தேட வேண்டியிருக்கும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு வறண்ட சூடு ஒரு சோதனை என்றால் இந்தத் திடீர்க் குளிர் இன்னொன்று. இன்ஹேலரை அன்றைக்கு வீட்டில் வைத்துவிட்டுக் கிளம்பக் கூடாது.