முதலாளியின் தலைக்குள் இருக்கும் கடை

நீடாமங்கலம் பக்கம் உரக்கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவரை ஐப்பசியில் ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். வயல்களில் சம்பா பயிர் மேலுரத்துக்குக் காத்திருக்கும் நேரம் அது. முகூர்த்தம் முடிவதற்குள் மூன்று முறை போனை எடுத்துக்கொண்டு மண்டப வாசலுக்குப் போய்விட்டார். பந்தியில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தார். சாம்பார் சாதம் பாதியில் இருக்கும்போது மறுபடியும் போன். “ஐயா, இவருக்கு மூணு மூட்டை யூரியா கடன் கொடுக்கலாமா? பழைய பாக்கி எவ்வளவு நிக்குது?” என்று கடைப் பையன் கேட்கிறான். இவர் கண்ணை மூடி யோசித்து, ஒரு தொகையைச் சொல்லிவிட்டு வந்தார்.

“இன்னொரு ஆள் போடணும் தம்பி, என்னால முடியலை” என்றார்.

“போடலாங்க ஐயா. ஆனா அந்த ஆளும் உங்களுக்குத்தான் போன் பண்ணுவார்” என்றேன்.

கும்பகோணத்தை மையமாக வைத்துக்கொண்டு தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் வரை சிறிய கடைகளுக்கும் பட்டறைகளுக்கும் பில்லிங், கணக்கு, இருப்பு மென்பொருள் அமைத்துக் கொடுப்பது என் தொழில். பன்னிரண்டு வருடங்களாகப் பார்க்கிறேன். ஆள் பற்றாக்குறை என்று என்னைக் கூப்பிட்ட கடைகளில் பெரும்பாலானவற்றில் ஆட்கள் போதுமான அளவுக்கு இருந்தார்கள். விலை, கடன், இருப்பு, யாருக்கு எவ்வளவு தள்ளுபடி என்பதெல்லாம் முதலாளியின் தலைக்குள் இருந்தது. அவர் சாப்பிடப் போனால் கடையும் பாதி சாப்பிடப் போய்விடும். தானியங்கி முறை என்றதும் பலருக்குப் பெரிய இயந்திரமோ செயற்கை நுண்ணறிவோ ஞாபகம் வருகிறது. டெல்டாவின் சிறு வியாபாரத்துக்கு அதன் முதல் வேலை, முதலாளி தலையில் இருப்பதை வெளியே எடுத்துக் கடையில் வைப்பதுதான்.

அதனால் நான் முதலில் கணினியைத் தொடுவதில்லை. கல்லாப்பெட்டி பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு வைப்பேன். ஒரு வாரத்துக்கு, யார் என்ன கேட்டு முதலாளியிடம் வந்தாலும் ஒரு கோடு போட வேண்டும். அந்தப் பெரியவரின் உரக்கடையில் அந்த நோட்டைப் பார்த்தபோது கோடுகள் நான்கே கேள்விகளில் குவிந்திருந்தன. பணம் வந்துவிட்டதா? விலை என்ன? சரக்கு இருக்கிறதா? பாக்கி எவ்வளவு?

முதல் கேள்விக்குச் செலவு மிகக் குறைவு. யுபிஐயில் வரும் பணத்துக்கான குறுஞ்செய்தி முதலாளி போனுக்குத்தான் போகும். கடையில் இருக்கும் பையனுக்குத் தெரியாது. வாடிக்கையாளர் தன் போனில் காட்டும் ஸ்கிரீன்ஷாட் படத்தை நம்பிச் சரக்கைக் கொடுத்து ஏமாந்த கடைகள் எத்தனையோ. அதே மாதிரி படத்தைப் போலியாக உருவாக்கும் செயலிகள் உலவுகின்றன. தொகையை வாய்விட்டுச் சொல்லும் அந்தச் சின்ன ஒலிப்பெட்டியை மாத வாடகைக்கு வாங்கி வைத்ததும் அந்தக் கோடுகள் அப்படியே நின்றுவிட்டன. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். மணிக்கணக்கு ஆக ஆகப் பணத்தை நிறுத்திவைக்கும் வாய்ப்பு குறையும்.

விலைக்கு அட்டை எழுதி ஒட்டியதே போதுமானதாக இருந்தது.

இருப்பு கொஞ்சம் சிக்கல். மானிய உரத்தை அரசு கொடுத்திருக்கும் பிஓஎஸ் என்ற விற்பனைப் பதிவுக் கருவியில், வாங்குபவரின் அடையாளத்தைச் சரிபார்த்துத்தான் விற்க வேண்டும். பூச்சிமருந்துக்கும் விதைக்கும் கடையின் சொந்த பில். ஆக இருப்புக்கணக்கு இரண்டு இடத்தில். கூட்டம் நிற்கும்போது ஒன்றில் போட்டு இன்னொன்றில் விட்டுவிடுவார்கள். ஆய்வுக்கு அதிகாரி வரும் நாளில்தான் கருவி ஒரு எண்ணும் குடோன் ஒரு எண்ணும் சொல்வது தெரியும். கடையைச் சாத்துமுன் கருவியின் இருப்பையும் மூட்டை எண்ணிக்கையையும் ஒரே தாளில் எழுதிப் பார்க்கும் பழக்கத்தைக் கொண்டுவந்தோம். பத்து நிமிட வேலை. அதோடு, தொண்ணூறு நாளுக்குள் காலாவதியாகப் போகும் மருந்துகளின் பட்டியல் ஒவ்வொரு திங்கள்கிழமை காலையிலும் தானாக அச்சாகி வரும்படி வைத்தேன். அலமாரிக்குப் பின்னால் தேதி முடிந்து கிடந்த டப்பாக்களில் எவ்வளவு முதல் முடங்கியிருந்தது என்று அவருக்கு அப்போதுதான் புரிந்தது.

பாக்கி விஷயத்தில் தவறு செய்தது நான். அதை மறைக்காமல் எழுதுகிறேன், மற்றவர்கள் அதைச் செய்யாமலிருக்க.

நாங்கள் போட்ட மென்பொருளில் கடன் பில்லுக்கு முப்பது நாள் தவணை என்று முன்கூட்டியே இருந்தது. முப்பத்தொன்றாம் நாள் வாட்ஸ்அப்பில் நினைவூட்டல் தானாகப் போகும். ஊரில் மளிகைக்கடைக்கு அது சரி. உரக்கடைக்கு? ஆவணி, புரட்டாசியில் சம்பாவுக்கு வாங்கிய கடன் தை அறுவடை முடிந்து, நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டு, பணம் வங்கிக்கு வந்த பிறகுதான் திரும்பும். அதுதான் இங்கே வழிவழியாக வரும் தவணை. யாரும் எழுதி வைத்ததில்லை. நான் அந்த முப்பதை மாற்றாமல் விட்டேன். பயிர் பச்சையாக நிற்கும் கார்த்திகையில், “உங்கள் தவணை கடந்துவிட்டது” என்று நிறைய வீடுகளுக்குச் செய்தி போய்விட்டது. இருபது வருடமாக அந்தக் கடையிலேயே வாங்கும் ஒரு விவசாயி மறுநாள் காலையில் முழுப் பணத்தோடு வந்து நின்றார். வீட்டு நகையை அடகு வைத்திருக்கிறார். பணத்தை மேசை மேல் வைத்துவிட்டு, காபி வேண்டாம் என்று சொல்லிப் போனவர் அந்தக் கடைப் படியை அப்புறம் மிதிக்கவில்லை.

அதற்குப் பிறகு நாட்காட்டியை மாற்றினோம். டெல்டா பாசனத்துக்கு மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12 அன்று திறக்கும் என்பதும், தண்ணீர் இருப்பைப் பொறுத்து அது முன்பின்னாகும் என்பதும் மென்பொருளை எழுதியவருக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். ஒவ்வொரு கடன் பில்லிலும் குறுவை, சம்பா, தாளடி என்ற நெல் பருவங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னோம். அறுவடை முடிந்து சில வாரங்கள் கழித்துத்தான் செய்தி போகும். அதிலும் ‘தவணை கடந்தது’ என்ற வார்த்தை கிடையாது. வாங்கிய சரக்கு, தேதி, கொடுத்தது, நிற்பது, அவ்வளவுதான். மழையில் பயிர் படுத்துவிட்டால் அந்த ஊருக்கான செய்தியை ஒரே தொடலில் நிறுத்தி வைக்கலாம். பெரிய தொகையாக இருந்தால் செய்தியே போகாது. முதலாளி கூப்பிட்டுப் பேச வேண்டியவர்கள் பட்டியலில் பெயர் வந்து நிற்கும். இந்த ஏற்பாட்டில் நான் எழுதிய நிரல் என்று பெரிதாக எதுவுமில்லை. பெரியவரின் அறுபது வருட அறிவை நான்கு கட்டங்களில் அடக்கினோம்.

கும்பகோணத்துப் பாத்திரக்கடை ஒன்றில் வேறு கதை. அங்கே மென்பொருள் வாங்கி இரண்டு வருடமாகியும் இருப்பு ஒரு நாளும் சரியாக இல்லை. உள்ளே போய்ப் பார்த்தால் ஒரே பாத்திரம் மூன்று பெயரில் இருக்கிறது. பில் போடும் பெண் ‘செம்பு’ என்கிறார், சரக்கு இறக்குபவர் ‘சொம்பு’ என்கிறார், பழைய பில்லில் வேறொரு பெயர். கணினிக்கு இவை மூன்று சரக்கு. ஒன்றில் இருப்பு மைனஸில் போகிறது, இன்னொன்றில் விற்காமல் குவிந்து கிடக்கிறது. அந்தக் கடையில் நாற்பது வருடமாக இருக்கும் விற்பனையாளர் என்னைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். மிஷின் வந்தால் தன் வேலை போகும் என்ற பயம் அவருக்கு. பெயர்ப் பட்டியலை நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்று அவரிடமே போய் உட்கார்ந்தேன். குடம், தவலை, அண்டா, கூஜா, தூக்கு, குத்துவிளக்கு என்று அலமாரி அலமாரியாக நடந்து, அளவோடும் எடையோடும் மூன்று சாயங்காலம் சொன்னார். அவர் வைத்த பெயர்தான் இன்றும் கணினியில் இருக்கிறது. பித்தளைக்கும் தாமிரத்துக்கும் எடைக்குத்தான் விலை என்பதால், காலையில் உலோக விலையை ஓர் இடத்தில் மாற்றினால் எல்லாப் பாத்திரத்துக்கும் விலை மாறிவிடும். கல்யாணச் சீர் வாங்க வரும் குடும்பத்தை உட்கார வைத்துப் பேச அவருக்கு இப்போது நேரம் இருக்கிறது. அதில்தான் அவர் கெட்டிக்காரர்.

நாச்சியார்கோவில் பக்கம் விளக்குப் பட்டறைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. சரக்கை அனுப்பிவிட்டுப் பணத்துக்கு மாதக்கணக்கில் காத்திருப்பது அங்கே பழகிப்போன துயரம். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, குறு, சிறு தொழில் செய்பவரிடம் வாங்கியவர், எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும், இல்லாவிட்டால் 15 நாளிலும் பணம் தர வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கில் கூட்டு வட்டி. 2024 ஏப்ரல் முதல், அந்தக் கெடுவுக்குள் கொடுக்காத தொகையை, கொடுக்கும் வரை வாங்கியவர் வருமான வரியில் செலவாகக் காட்டவும் முடியாது. இந்த உரிமையைக் கேட்க, சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவும் தேதியிட்ட பில்லும் சரக்கு போய்ச் சேர்ந்ததற்கான சான்றும் கையில் இருக்க வேண்டும். உத்யம் பதிவுக்குக் கட்டணமே கிடையாது. காசு கேட்பவரிடம் கொடுக்காதீர்கள். பில்லில் உத்யம் எண் தானாக விழும்படி வைத்துவிட்டு, முப்பதாவது நாளும் நாற்பதாவது நாளும் மரியாதையான ஒரு மடல் போகும்படி செய்தால் போதும். நேரில் கேட்கக் கூச்சப்படும் பட்டறைக்காரருக்காக அந்த மடல் கேட்கும். உரக்கடையில் மனிதரைப் புண்படுத்திய அதே நினைவூட்டல் இங்கே மனிதருக்குத் துணை நிற்கிறது. யார் யாரிடம் கேட்கிறார் என்பதைப் பொறுத்த விஷயம் இது.

வீட்டிலிருந்தே வற்றல், வடகம், பொடி வகைகள் செய்து விற்கும் ஓர் அக்கா, அடுப்பு வேலைக்கு நடுவில் ஒரு நாளைக்கு எத்தனையோ முறை ஒரே பதிலைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தார்: விலை என்ன, பார்சல் செலவு எவ்வளவு, எத்தனை நாளில் வரும். வாட்ஸ்அப் பிசினஸ் இலவசம்தான். அதில் பொருள் பட்டியலைப் படத்தோடு போடலாம். முன்பே எழுதி வைத்த பதிலை ஒரு சாய்கோடும் சின்னச் சொல்லும் தட்டி அனுப்பலாம். ‘சமையல் வேலையில் இருக்கிறேன், மாலை நான்கு மணிக்கு மேல் பதில் தருகிறேன்’ என்று நேரம் குறித்துத் தானாகச் சொல்ல வைக்கலாம். அரை மணி நேரத்தில் அமைத்தோம். ஒரு ரூபாய் செலவில்லை.

ஆனால் இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கானவர்களுக்குச் செய்தி அனுப்பித் தருகிறோம் என்று அங்கீகாரமில்லாத மென்பொருள்கள் மலிவாகக் கிடைக்கும். மயிலாடுதுறையில் ஒரு ஜவுளிக்கடைக்காரர் தீபாவளிக்கு முந்தைய வாரம் அதைப் போட்டார். இரண்டாம் நாளே அவர் எண்ணை வாட்ஸ்அப் முடக்கிவிட்டது. பத்து வருடமாக ஊரே அழைத்துக்கொண்டிருந்த எண். ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்பும் வாட்ஸ்அப்பின் வழக்கமான ஒளிபரப்புப் பட்டியலில் (பிராட்காஸ்ட்) 256 பேர் வரை சேர்க்கலாம். உங்கள் எண்ணைத் தம் போனில் சேமித்திருப்பவர்களுக்கு மட்டும் அது போகும். சிறிய கடைக்கு அதுவே நல்லது. உங்கள் எண்ணைச் சேமித்து வைக்காதவர் உங்களுடைய வாடிக்கையாளராக இன்னும் ஆகவில்லை. எண் கொடுத்தவரிடம், செய்தி அனுப்பலாமா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வலியுறுத்துவதும் இந்த ஒப்புதலைத்தான்.

அப்புறம், புயல். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா கரையைக் கடந்தபோது, வேதாரண்யம் பக்கம் எனக்குத் தெரிந்த மளிகைக்கடையில் கூரை போய், கடன் நோட்டுகள் எல்லாம் கூழாகிவிட்டன. அடுத்த தெருவில் கணினி வைத்திருந்த கடையிலும் அதே கதி. கணக்கு அந்த ஒரே பெட்டியில் இருந்தது, பெட்டி தண்ணீரில் இருந்தது. மின்சாரம் வர வாரக்கணக்கில் ஆனது. அதிலிருந்து இரண்டு விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. இணையமும் கரண்டும் இல்லாத நேரத்தில் பில் போட ஒரு வழி இருக்க வேண்டும், அது கார்பன் தாள் வைத்த பில் புத்தகமாக இருந்தாலும் சரி. ஒவ்வொரு இரவும் கணக்கின் நகல் கடைக்கு வெளியே ஓர் இடத்துக்குத் தானாகப் போக வேண்டும். மாதம் ஒருமுறை அந்த நகலைத் திறந்து பார்க்கவும் வேண்டும். திறந்து பார்க்காத நகலை நம்பிக் கெட்டவர்களையும் பார்த்திருக்கிறேன்.

எதைத் தானாக ஆக்க மாட்டேன் என்றும் சொல்லிவிடுகிறேன். கடன் கொடுக்கலாமா வேண்டாமா என்ற முடிவும், குறை சொல்ல வருபவருக்கான பதிலும் மனிதரிடமே இருக்கட்டும். பழைய பாக்கியைத் திரையில் காட்டலாம். அந்த வீட்டில் இந்த வருடம் என்ன நடந்தது என்று திரைக்குத் தெரியாது.

உரக்கடைப் பெரியவர் போன மாசி மாதம் பேத்தியைப் பார்க்கச் சென்னைக்குப் போய் நான்கு நாள் தங்கிவிட்டு வந்தார். கடையிலிருந்து மொத்தம் மூன்று அழைப்புகள். ஒன்று, அவரே முடிவெடுக்க வேண்டிய கடன். ஒன்று, குடோனின் இரண்டாவது சாவி எங்கே என்பது. இன்னொன்று, உளுந்து விதை எந்த ரகத்துக்கு என்ன விலை என்பது. சாவிக்குக் கல்லாவுக்குள் ஓர் ஆணி அடித்தாயிற்று. உளுந்து ரகங்களை விலைப் பட்டியலில் சேர்த்துக்கொண்டிருக்கிறோம்.