இருபது நாளாகச் சாப்பிடும் மாத்திரைதானே என்கிறார்கள்

வாயெல்லாம் புண்ணாகி, இமைகள் ஒட்டிக்கொண்டு, கை பட்ட இடமெல்லாம் தோல் உரிந்துவந்த நிலையில் சென்ற வாரம் ஓர் இளம்பெண்ணை எங்கள் தோல் பிரிவில் சேர்த்தார்கள். அம்மை போட்டிருக்கிறது என்று ஐந்து நாள் வேப்பிலையில் படுக்கவைத்திருந்த வீட்டார், அந்த ஐந்து நாளும் வேளை தவறாமல் ஃபெனிடோயின் என்ற வலிப்பு மாத்திரையைக் கொடுத்துவந்திருக்கிறார்கள். பெரும்பாலும் மருந்து ஒத்துக்கொள்ளாமல் வரும் இந்தத் தோல் பாதிப்பை ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய்க்குறி என்போம். உடல் பரப்பில் முப்பது விழுக்காட்டுக்கு மேல் தோல் கழன்றுவிட்டால் அதன் பெயரும் மாறுகிறது, உயிருக்கான ஆபத்தும் பன்மடங்காகிறது.

மாத்திரையைப் பற்றிக் கேட்டவுடன் தாயார் சொன்னதை நான் எத்தனை முறை கேட்டிருக்கிறேன் என்பதற்குக் கணக்கில்லை: "இருபது நாளாக அதைத்தானே சாப்பிடுகிறாள், ஒத்துக்கொள்ளாவிட்டால் முதல் நாளே தெரிந்திருக்காதா?" தெரியாது. வலிப்பு மருந்துகளால் வரும் கடுமையான தோல் பாதிப்பு பெரும்பாலும் மருந்தைத் தொடங்கிய முதல் வாரத்துக்குப் பிறகு, நான்கு வாரங்களுக்குள், சில நேரங்களில் எட்டு வாரம் வரைகூடக் கழித்து வருகிறது. காய்ச்சல், முகவீக்கம், நெறிகட்டு, கல்லீரல் பாதிப்பு ஆகியவற்றோடு வரும் இன்னொரு வகையும் இரண்டு முதல் எட்டு வாரங்களுக்குள்தான் தலைகாட்டும். ஆகவே இருபது நாள் ஒத்துக்கொண்டது என்பது மாத்திரைக்குச் சாதகமான சாட்சியே அல்ல. நாங்கள் அதை முதலில் சந்தேகிக்கும் காலமே அதுதான். ஐந்து ஆண்டுகளாகச் சாப்பிட்டுவரும் மாத்திரையைவிடச் சென்ற மாதம் தொடங்கிய மாத்திரையே எங்கள் கண்ணில் முதலில் படும்.

அம்மையா, மருந்தா என்று வீட்டிலேயே தீர்ப்புச் சொல்லும்படி யாரையும் நான் கேட்கவில்லை. கடந்த இரண்டு மாதங்களுக்குள் புதிதாக ஏதேனும் மாத்திரை தொடங்கினோமா என்ற ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டால் போதும்.

வலிப்பே இல்லாதவர்களும் இந்த மருந்துகளைச் சாப்பிடுகிறார்கள் என்பது பலருக்குத் தெரிவதில்லை. முகநரம்பு வலிக்குக் கார்பமாசெபின் தருகிறோம். தலையில் அடிபட்டவருக்குச் சில காலம் ஃபெனிடோயின் தருவதுண்டு. எழுதிக்கொடுக்கும் நாங்கள் இரண்டு வரி எச்சரிக்கை சொல்லாமல் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிடுகிறோம் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஏற்கெனவே வால்புரோயேட் என்ற வலிப்பு மருந்தைச் சாப்பிடுபவருக்கு லாமோட்ரிஜின் என்ற இன்னொரு வலிப்பு மருந்தை மிகக் குறைந்த அளவில் தொடங்கி வாரக்கணக்கில் மெதுவாக ஏற்ற வேண்டும்; இதில் காட்டும் அவசரம் நேரே தோலில் வந்து நிற்கும். கார்பமாசெபின் ஆபத்தை முன்கூட்டியே காட்டும் ஒரு மரபணுக் கூறு 2004-இல் தைவானில் கண்டறியப்பட்டது. அதற்கான இரத்தப் பரிசோதனையில் அக்கூறு இல்லை என்று வந்தாலும் கவனமாக இருக்கத்தான் வேண்டும்.

புதிய மாத்திரை தொடங்கிய பிறகு தோலில் தடிப்பு தோன்றினால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். அதனுடன் காய்ச்சல், வாய்ப்புண், கண் சிவப்பு, சிறுநீர் கழிக்கையில் எரிச்சல், தொட்டாலே தோல் வலி இவற்றில் ஒன்று இருந்தாலும், புதிய மாத்திரையின் அடுத்த வேளையை விழுங்காமல் நேரே பெரிய மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். அங்கே மாற்று மருந்து தருவார்கள். வீட்டிலேயே எல்லா வலிப்பு மருந்தையும் நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தால் வலிப்பு விடாமல் தொடர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். சாப்பிடும் மாத்திரை அட்டைகள் அத்தனையையும் ஒரு பையில் போட்டு எடுத்துவாருங்கள், "வெள்ளை மாத்திரை" என்று மட்டும் சொல்லாதீர்கள். கண் மருத்துவர் முதல் நாளே பார்க்க வேண்டும். தோல் ஆறிவிடும், கண்ணில் விழும் தழும்பு பார்வையையே பறிக்கக்கூடும்.

பிழைத்து வீடு திரும்புபவர்களிடம் மருந்தின் பெயரை எழுதிய சீட்டு ஒன்றைத் தருகிறோம். ஃபெனிடோயின் ஒத்துக்கொள்ளாதவருக்குக் கார்பமாசெபினும் ஃபீனோபார்பிட்டோன் என்ற வலிப்பு மருந்தும் அதே தொல்லையைத் தரக்கூடும் என்பதால் அவையும் அதில் இருக்கும். தயவுசெய்து அந்தச் சீட்டைப் பணப்பையிலேயே வைத்திருங்கள். அதை வீட்டு அலமாரியில் பத்திரப்படுத்திய ஒருவர், வேறொரு கம்பெனிப் பெயரில் அதே மருந்தைச் சாப்பிட்டுவிட்டு எங்கள் பிரிவுக்கு இரண்டாம் முறையாக வந்து சேர்ந்தார்.