எங்கிருந்து அளந்தீங்க?

சேலம் கருப்பூர் பக்கம் ஒரு பட்டறை. நாலு சிஎன்சி மெஷின், ரெண்டு பழைய லேத், ஓரமாக ஏசி போட்ட கண்ணாடி அறையில் முனையால் தொட்டு அளவு பார்க்கும் சிஎம்எம் மெஷின். போன மாதம் அங்கே போயிருந்தேன். பெங்களூருக்கு அனுப்பும் ஆயில் லைன் ஃபிட்டிங் ஒன்றைச் செய்துகொண்டிருந்தார்கள். பறக்கும் விமானத்துக்கு இன்னும் போகவில்லை, சோதனை ஆர்டர்தான். ஓனர் என்னைக் கூப்பிட்டது வேறு வேலைக்கு, தர ஆடிட்டுக்கு முன்னால் பேப்பர்களை ஒரு பார்வை பார்த்துக் கொடுக்கச் சொல்லி.

"எல்லாம் ஓகே சார், ரிப்போர்ட் பாருங்க" என்று அளவு பார்க்கும் தம்பி ஒரு தாளை நீட்டினான். ஒரு வரி விடாமல் பச்சை. பழக்கதோஷம், ஒரு பீஸைக் கையில் எடுத்தேன். சின்னக் குழாய். அதன் வாயில் ஃபில்டர் உட்கார கவுன்டர்போர் போட்டிருந்தது, அதாவது ஓட்டையின் வாயை மட்டும் கொஞ்சம் அகலமாகக் குடைந்திருந்தது. உருண்டை முனை மைக்ரோமீட்டரால் அந்த இடத்தின் சுவரை நாலு பக்கமும் தொட்டுப் பார்த்தேன். 0.91 மில்லிமீட்டர். கால் சுற்று திருப்பினால் 1.12. அப்புறம் 0.89. நாலாவது பக்கம் 0.68. டிராயிங்கில் குறைந்தபட்சம் 0.80.

"தம்பி, கவுன்டர்போர் சென்டரை எங்கிருந்து அளந்தீங்க?"

"ஃபிளாஞ்ச் ஓட்டையிலிருந்து சார். புரோகிராம் அப்படித்தான் இருக்கு."

ஃபிளாஞ்ச் ஓட்டையிலிருந்து பார்த்தால் கவுன்டர்போர் அச்சு மாறாமல் நடுவில்தான் இருந்தது. நகர்ந்திருந்தது குழாய். இரண்டாவது செட்டப்பில் ஜாப்பை, அதாவது செய்துகொண்டிருந்த பீஸை, மெஷினில் திருப்பிப் பிடித்தபோது அது கொஞ்சம் ஒதுங்கி உட்கார்ந்திருக்கிறது. சிஎம்எம் பொய் சொல்லவில்லை. அதனிடம் யாரும் குழாயைப் பற்றிக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

எனக்கு வயிற்றைக் கலக்கியது. காரணம், இதே கதை ஏற்கெனவே ஒரு தடவை ஆகாயத்தில் நடந்து முடிந்திருக்கிறது.

2010 நவம்பர் 4. சிங்கப்பூரிலிருந்து சிட்னிக்குக் கிளம்பிய குவான்டாஸ் 32. ஏர்பஸ் ஏ380, உள்ளே 469 பேர். இந்தோனேசியாவின் பாத்தாம் தீவுக்கு மேலே ஏறிக்கொண்டிருந்தபோது இரண்டாம் எண் இன்ஜினுக்குள் ஒரு டர்பைன் டிஸ்க், பிளேடுகளைத் தாங்கிச் சுழலும் தட்டு, வெடித்தது. இன்ஜின் ரோல்ஸ் ராய்ஸ் ட்ரென்ட் 900. டிஸ்கின் துண்டுகள் உறையைப் பிய்த்து, இறக்கையைத் துளைத்துக்கொண்டு போயின. சில துண்டுகள் தீவில் குடியிருப்புகளின் மேல் விழுந்தன. விமானி ரிச்சர்ட் டி கிரெஸ்பினியும் அவர் குழுவும் எப்படியோ திரும்பி வந்து சிங்கப்பூரில் இறக்கிவிட்டார்கள். விமானத்தில் யாருக்கும் காயமில்லை. இறங்கிய பிறகும் பக்கத்து இன்ஜினை அணைக்க முடியவில்லை, அதற்குப் போகும் வயர்கள் அறுந்திருந்தன. தீயணைப்புக்காரர்கள் நுரையைப் பாய்ச்சித்தான் அதை நிறுத்தினார்கள்.

இவ்வளவுக்கும் காரணம், டர்பைன் பேரிங்குகளுக்கு ஆயில் கொண்டுபோகும் ஒரு குட்டிக் குழாய். அதன் வாயிலும் ஃபில்டருக்காக ஒரு கவுன்டர்போர். அது அச்சு விலகிப் போடப்பட்டதால் சுவரின் ஒரு பக்கம் மெலிந்துவிட்டது. இன்ஜின் ஓட ஓட, மெலிந்த பக்கத்தில் நுண்ணிய விரிசல் விழுந்து, ஒவ்வொரு பயணத்திலும் வளர்ந்தது. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு செய்கிறவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. அரம் கொஞ்சம் அதிகமாகப் பட்ட வளையம் கடையில் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். குழந்தை ஆறு மாதம் ஓடியாடிய பிறகு அந்த இடத்தில்தான் அறும்.

கொலுசு அறுந்தால் மறுபடி பொடி வைத்து ஊதிக்கொள்ளலாம். இங்கே ஆயில் பீச்சியடித்தது. சுற்றிலும் பழுக்கக் காய்ந்த காற்று, தீப்பொறி எதுவும் தேவைப்படவில்லை, ஆயில் தானாகப் பற்றிக்கொண்டது. டிஸ்கை ஷாஃப்டோடு இணைக்கும் கை போன்ற பாகத்தைத் தீ சுட்டுப் பலவீனமாக்க, டிஸ்க் ஷாஃப்டிலிருந்து கழன்றது. இழுத்துப் பிடிக்க ஆளில்லாமல் வேகம் ஏறி வெடித்தது.

ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பின் அறிக்கை 2013-இல் வந்தது. நான் அதைப் பலமுறை படித்திருக்கிறேன், பயிற்சிக்கு வரும் பையன்களுக்கும் படித்துக் காட்டுகிறேன். வடிவமைப்பு டிராயிங்கில் கவுன்டர்போரைக் குழாயை வைத்து அளக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். தயாரிப்பு டிராயிங்கில் வேறொரு டேட்டம், அதாவது அளவு தொடங்கும் ஆதார இடம், நுழைந்தது. அளக்கும் மெஷினுக்குப் புரோகிராம் எழுதியவர் அதைப் பிடித்துக்கொண்டார். கருப்பூர்த் தம்பி செய்ததும் இம்மி பிசகாமல் இதுதான். அந்த அறிக்கையில் இன்னொரு விஷயம்தான் எனக்கு அதிகம் உறுத்தும். அந்தக் குழாயைச் செய்த ரோல்ஸ் ராய்ஸின் ஹக்னல் தொழிற்சாலையில், தங்கள் கண்ணுக்குச் சின்னதாகத் தெரிந்த குறைகளை எழுதி அறிவிக்காமல் விடுவது ஏற்கத்தக்கது என்ற பழக்கம் இருந்ததாம். பெரிய பெயர், பெரிய ஆலை. பழக்கம் மட்டும் நம்ம ஊர்ப் பட்டறையில் இருக்கிற அதே பழக்கம்.

இன்ஜினில் தீப்பிடித்தால் அணைக்க வழி இல்லையா என்று கேட்பவர்கள் உண்டு. இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது. இன்ஜினைச் சுற்றி சூட்டை உணரும் லூப் இரண்டு ஓடும். விமானி ஃபயர் ஹேண்டிலை இழுத்தால் எரிபொருள், ஹைட்ராலிக், சூடான காற்று எல்லாம் அடைபடும். அப்புறம் ஹாலான் என்ற தீயணைப்பு வாயு நிரப்பிய குப்பிகள். இன்ஜினுக்கும் மற்ற பகுதிக்கும் நடுவே தீச்சுவர். தீ தாங்கும் பாகம் என்று பெயர் வாங்க வேண்டுமென்றால் சுமார் 1100 டிகிரி செல்சியஸ் தீயில் 15 நிமிடம் நிற்க வேண்டும். நம் ஊர் வெள்ளைக்கல்லை (மேக்னசைட்டை) சுட்டு உலைச் செங்கலுக்குத் தருகிறவர்கள் 1100 டிகிரியைக் கேட்டுச் சிரிப்பார்கள். ஆனால் அங்கே நிற்பது ஒரு மெல்லிய தகடு, அதில் குழாயும் வயரும் நுழையும் ஓட்டைகள் வேறு.

சிக்கல் என்னவென்றால், இந்த ஏற்பாடுகள் பெரும்பாலும் இன்ஜினுக்கும் அதன் மேல்மூடிக்கும் நடுவில் பற்றும் தீயை மனதில் வைத்தவை. குவான்டாஸ் தீ பற்றியது இன்ஜினின் வயிற்றுக்குள். டிஸ்க் வெடித்துச் சிதறிய பிறகு எந்தக் குப்பி எதைக் காப்பாற்றும்?

2016 அக்டோபர் 28 அன்று சிகாகோ ஓஹேர் ஓடுபாதையில் கிளம்பிக்கொண்டிருந்த ஒரு அமெரிக்கன் ஏர்லைன்ஸ் போயிங் 767-இலும் அப்படித்தான். டர்பைன் டிஸ்க் உடைந்தது, துண்டு இறக்கையில் இருந்த எரிபொருள் டாங்கைக் கிழித்தது, கொட்டிய எரிபொருள் எரிந்தது. உள்ளே இருந்த 170 பேரும் உயிரோடு இறங்கினார்கள். அந்த டிஸ்கில் இருந்த குறை மெஷினிங்கில் வந்தது கூட இல்லை, நிக்கல் கலவை உருக்கி வார்க்கப்பட்டபோதே உள்ளே ஒளிந்துகொண்டது. அதைக் கண்டுபிடிக்கும் வேலை, ஒலியலை விட்டு உலோகத்துக்கு உள்ளே பார்க்கும் அல்ட்ராசோனிக் ஆட்களுடையது. நம் பட்டறைகளின் கையில் இருப்பது அடுத்த கதை.

1996 ஜூலை 6, ஃபுளோரிடாவின் பென்சகோலா. டெல்டா ஏர்லைன்ஸின் எம்டி-88 கிளம்பும்போது இன்ஜின் முன்பக்கத்து ஃபேன் ஹப், அதாவது ஃபேன் பிளேடுகளைப் பிடித்திருக்கும் நடுப்பாகம், உடைந்து துண்டுகள் கேபினுக்குள் பாய்ந்தன. ஒரு தாயும் மகனும் இறந்தார்கள். அங்கே தீ பரவவில்லை, ஆனாலும் இந்தப் பேச்சில் அதை விட முடியாது. டைட்டானியம் ஹப்பில் ஓட்டை போட்டபோது ஒரே ஒரு ஓட்டையின் சுவர் அளவுக்கு மீறிச் சூடாகி, உலோகத்தின் தன்மையே மாறி இறுகிவிட்டது. விரிசல் அங்கிருந்துதான் கிளம்பியது. பின்னால், ஒளிரும் திரவம் தடவி விரிசல் தேடும் ஃபுளோரசன்ட் பெனட்ரன்ட் சோதனையில் பிடித்திருக்கக்கூடிய அளவுக்கு அது வளர்ந்த பிறகும் கண்ணில் படாமல் தப்பியது.

டிரில் போடுகிறவர்களுக்கு இது எப்படி நடக்கும் என்று தெரியும். சிப், அதாவது வெட்டிய உலோகச் சுருள், வெளியே வராமல் ஓட்டைக்குள் அடைக்கும், குளிர வைக்கும் கூலன்ட் முனைக்குப் போகாது, டிரில் "கிரீச்" என்று கத்தும். ஆபரேட்டர் ஒரு நொடி நிறுத்தி, டிரில்லை மாற்றி, அதே ஓட்டையில் விட்டுத் தொடர்வார். கடைசியில் ரீமர் போட்டு அளவு வந்துவிடும், பினிஷும் பளபளவென்று இருக்கும். எந்த வெர்னியரும் எந்த கேஜும் அந்தச் சூட்டைக் காட்டாது. அந்த நிமிஷத்தில் அங்கே நின்றவருக்கு மட்டும்தான் தெரியும். அதனால் டைட்டானியம் வேலை எடுக்கும் பட்டறைகளில் நான் முதலில் பார்ப்பது மெஷினை இல்லை, டிரில் உடைந்தால் எழுதும் நோட்டை. நோட்டில் ஒரு வருஷமாக ஒரு டிரில்கூட உடையவில்லை என்றால் அந்த நோட்டை நான் நம்புவதில்லை.

ஊருக்கு உபதேசம் சொல்கிறேனே, என் லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருஷம், வெளியூரில் ஒரு கம்பெனியில் குழாயைத் தாங்கும் பிராக்கெட்டுகளைப் பாஸ் செய்துகொண்டிருந்தேன். விளிம்பில் வெட்டியபின் நிற்கும் கூரான பிசிறை, பர் என்போம், எடுத்து மழுக்க வேண்டும். மாதக் கடைசி, டிஸ்பேட்ச் நெருக்கடி. விரலால் தடவிப் பார்த்து "பரவாயில்லை" என்று ஸ்டாம்ப் குத்தினேன். அசெம்ப்ளியில் ஒரு பெரியவர், முப்பது வருஷ ஃபிட்டர், ஒன்றை எடுத்து வந்து என் மேசையில் இருந்த பேப்பர் கட்டின் மேல் வைத்து லேசாக இழுத்தார். மேல் தாள் கிழிந்தது. "இது பக்கத்திலே ஃபியூயல் பைப் போகுது தம்பி" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை. அதிர்விலே உரசி உரசிக் குழாய் தேயும், ஓட்டை விழும், சூடான இடத்தில் எரிபொருள் சொட்டும். இன்ஜின் தீ பற்றிய புத்தகங்கள் எத்தனையோ படித்தேன், அந்தக் கிழிந்த தாள் மாதிரி எதுவும் மண்டையில் ஏறவில்லை.

சரி, குறை வந்துவிட்டது, என்ன செய்வது? குறை வராத பட்டறை கிடையாது. முதலில் எமரி தாளைக் கீழே வையுங்கள். கீறல் விழுந்த இடத்தைத் தேய்த்துச் சமன் செய்தால் கீறல் போகும், கூடவே சுவரும் போகும். யார் தேய்த்தார், எவ்வளவு தேய்த்தார் என்ற கணக்கும் போகும். வெல்டிங் வைத்து நிரப்புவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஜாப்பில் சிவப்புச் சீட்டு கட்டி, பூட்டு உள்ள கூண்டில் போடுங்கள். கூண்டுச் சாவி புரொடக்‌ஷன் ஆளிடம் இருக்கக் கூடாது, இதில் நான் பிடிவாதக்காரன். அப்புறம் வாடிக்கையாளருக்கு எழுதுங்கள். இந்த பீஸை அப்படியே ஏற்கலாமா, திருத்தலாமா, உடைத்துப் போடணுமா என்று முடிவு செய்யும் உரிமை அந்தப் பாகத்தை வடிவமைத்தவருக்குத்தான். அது எந்தச் சூட்டில், எந்த அதிர்வில் உட்காரப் போகிறது என்பது நமக்குத் தெரியாது. "சின்னக் குறை" என்று நாம் சொல்வதே அதிகப்பிரசங்கித்தனம்.

அடுத்த கேள்விதான் கஷ்டமானது: இதற்கு முன்னால் எத்தனை போயிருக்கிறது? ஒன்றில் குறை என்றால் அதே செட்டப்பில், அதே புரோகிராமில் வந்த எல்லாமே சந்தேகம்தான். குவான்டாஸுக்குப் பிறகு ட்ரென்ட் 900 இன்ஜின்களை ஒவ்வொன்றாகச் சோதித்து, சுவர் மெலிந்தவற்றைக் கழற்றினார்கள். டர்பைன் வேகம் மீறப் போவது தெரிந்தால் இன்ஜினை நிறுத்தும்படி மென்பொருளையும் மாற்றினார்கள். 2023-இல் பிராட் அண்ட் விட்னியின் கியர்டு டர்போஃபேன் இன்ஜின்களில் உலோகப் பொடியில் கலந்த அசுத்தம் பற்றிய செய்தி வந்ததே, அதில் எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுவரை தயாரான பொடி என்று சொல்ல முடிந்ததால்தான் எந்த இன்ஜினைக் கழற்றுவது என்று தெரிந்தது. இந்தியாவிலும் எத்தனையோ ஏ320நியோ தரையில் நின்றன. ஹீட் நம்பர் (உலோகம் உருக்கிய தடவையின் எண்), பேட்ச் நம்பர், செட்டப் தேதி இதெல்லாம் ஆடிட்டருக்குக் காட்ட மட்டும் எழுதுவதில்லை.

2019-இல் தொடங்கிய தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து முனையங்களில் சேலமும் ஒன்று. உருக்காலை இருக்கிற ஊர், கைவேலை தெரிந்த ஊர், விமான வேலை வரட்டும், சந்தோஷம். வருகிற வேலையில் பெரும்பகுதி டிஸ்க்கோ பிளேடோ இல்லை. பிராக்கெட், கிளாம்ப், ஃபிட்டிங், குழாய். "நாம செய்யறது சாதாரண பீஸ் சார்" என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தக் கவுன்டர்போர்தான் ஞாபகம் வரும்.

கருப்பூருக்கு வருகிறேன். விஷயத்தைச் சொன்னதும் ஓனர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "எழுதிக் கொடுத்தா ஆர்டர் போயிடுங்களே சார்?" போகலாம், நான் உத்தரவாதம் தரவில்லை. அவர் ஒரு டீ குடித்தார். இன்னொரு டீயும் குடித்தார். அப்புறம் மகனைக் கூப்பிட்டு மெயில் போடச் சொன்னார். ஏற்கெனவே போன 14 பீஸின் சீரியல் நம்பரையும் சேர்த்தே அனுப்பினார்கள். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது: பதினாலையும் திருப்பி அனுப்புகிறோம், புது டேட்டம் வைத்து அளந்த ரிப்போர்ட்டோடு மறுபடி ஒரு முதல் பீஸ் காட்டுங்கள். திட்டவும் இல்லை, பாராட்டவும் இல்லை.

திரும்பி வந்த பதினாலையும் அந்தத் தம்பியே உட்கார்ந்து அளந்தான், குழாயைப் பிடித்து, நாலு பக்கமும். ஒன்பது தேறியது. மீதி ஐந்தில் ஒன்று 0.59. அதை மட்டும் அறுத்து, வெட்டுமுகம் தெரிகிற மாதிரி சிஎம்எம் மேசை ஓரத்தில் வைத்திருக்கிறான்.