சூரியக் காற்றின் இயைபு: சொல் விளக்கம்

காற்றே இல்லாத வெளியில் காற்று எப்படி வீசும் என்ற ஐயம், ‘சூரியக் காற்று’ என்ற சொல்லை முதன்முதலில் படிக்கும் எவருக்கும் எழக்கூடியது. மூச்சாக உள்ளிழுப்பதற்கும் மரக்கிளையை அசைப்பதற்கும் ஆங்கிலத்தில் வெவ்வேறு சொற்கள் இருக்க, தமிழில் இரண்டுக்கும் ‘காற்று’ ஒன்றே இருப்பதால்தான் இந்தக் குழப்பம். இங்கே குறிக்கப்படுவது வீசுதல் மட்டுமே. பூமிக்கு அருகில் சூரியக் காற்றின் ஒரு கன சென்டிமீட்டரில் ஏறத்தாழ ஐந்து முதல் பத்து புரோட்டான்களே இருக்கும். தரைமட்டக் காற்றின் அதே அளவில் உள்ள மூலக்கூறுகளின் எண்ணிக்கையை எழுத இருபது இலக்கங்கள் வேண்டும்.

இப்பெயரை வைத்தவர் அமெரிக்க இயற்பியலாளர் யூஜின் பார்க்கர். வால்மீன்களின் அயனி வால் எப்போதும் சூரியனுக்கு எதிர்த்திசையில் நீள்வதைக் கொண்டு, சூரியனிலிருந்து துகள்கள் இடைவிடாது வெளியேறுகின்றன என்று லுட்விக் பியர்மன் 1951இல் முடிவு கட்டியிருந்தார். ஆனால் அதை அவர் துகள் கதிர்வீச்சாகவே கருதினார். பத்து லட்சம் பாகைக்கு மேல் கொதிக்கும் கரோனாவை, அதாவது சூரியனின் வெளி வளிமண்டலத்தை, சூரியனின் ஈர்ப்பால் முழுவதுமாகப் பிடித்து வைக்க முடியாது என்றும், அது பாய்மம்போல் (நீர்மமும் வாயுவும் போல ஓடும் பொருள்) விரிந்து ஒலியை விஞ்சிய வேகத்தில் வெளியே ஓடும் என்றும் பார்க்கர் 1958இல் கணக்கிட்டுக் காட்டினார். தனித்தனித் துகள்களின் பாய்ச்சல் அன்று, ஒரு பாய்மத்தின் ஓட்டம் என்ற இந்த வேறுபாட்டைச் சொல்லத்தான் அவருக்குக் ‘காற்று’ என்ற உருவகம் தேவைப்பட்டது. இக்கணக்கைச் சொன்ன கட்டுரையை மதிப்பிட்ட இருவரும் அதை ஏற்க மறுக்க, அதைப் பெற்ற வானியற்பியல் இதழின் ஆசிரியராக இருந்த சுப்பிரமணியன் சந்திரசேகர் தம் பொறுப்பில் அதை வெளியிட்டார். 1962இல் மாரினர்-2 விண்கலம் வெள்ளியை நோக்கிச் சென்ற வழியெல்லாம் அக்காற்றை அளந்துகொண்டே சென்றது.

தமிழ்ச் செய்திகளில் இதற்குச் ‘சூரியப் புயல்’ என்று எழுதிவிடுவது உண்டு, அது பிழை. புயல் எப்போதாவது எழுவது, சூரியக் காற்று ஓயாதது. ‘சூரியக் கதிர்வீச்சு’ என்பதும் பொருந்தாது. சூரிய ஒளி எட்டு நிமிடங்களில் பூமிக்கு வந்துவிடுகிறது. நொடிக்கு 400 கிலோமீட்டர் வேகத்தில் வரும் காற்றுக்கு நான்கு நாட்களுக்கு மேல் ஆகும்.

தனித்தமிழ் விரும்புவோர் ‘ஞாயிற்றுக் காற்று’ என்பர். ‘செஞ்ஞாயிற்றுச் செலவும்’ என்று புறநானூற்றின் 30ஆம் பாடல் தொடங்குவதால் ‘ஞாயிற்று’ என்னும் வடிவத்தின் பழைமை பற்றி ஐயமில்லை. அதே பாடல் காற்றை ‘வளி’ என்கிறது. ஆனால் இலங்கைப் பாடநூல்களில் வளி என்பது மூச்சாக உள்ளிழுக்கும் காற்றைக் குறிக்கும் கலைச்சொல்லாகிவிட்டதால், ஓட்டத்தைக் குறிக்க இன்று அது உதவாது. ‘காற்று’ என்பதன் பழைய வடிவம் ‘கால்’. உமிழ்தல், வெளிவிடுதல் என்ற பொருளில் ‘காலுதல்’ என்றொரு வினையும் தமிழில் உண்டு. இரண்டும் ஒரே வேரா என்பது வேறு ஆய்வு, ஆயினும் சூரியன் உமிழும் ஒன்றுக்கு இப்பெயர் அமைந்திருப்பது இனிய தற்செயல். ஞாயிற்றுக் காற்று என்றால் வார விடுமுறையில் வீசும் காற்றோ என்று இன்றைய வாசகர் ஒரு கணம் திகைக்கக்கூடும் என்பதால், என் தேர்வு ‘சூரியக் காற்று’ என்பதே.

அதன் ‘வேதி இயைபு’ என்ற தொடரில்தான் உண்மையான சிக்கல் இருக்கிறது. ‘இயை’ என்பது பொருந்து, சேர் எனப் பொருள்படும் வினை. அதிலிருந்து பிறந்த ‘இயைபு’ யாப்பில் ஒரு தொடையின் பெயராகவும், அறிவியலில் ஒரு பொருளில் எவை எவ்வளவு சேர்ந்துள்ளன என்பதைக் குறிக்கும் சொல்லாகவும் வழங்குகிறது. இதில் குறையில்லை. ‘வேதி’ என்பதோ, தாழ்ந்த உலோகத்தைப் பொன்னாக மாற்றுவதைக் குறித்த ‘வேதித்தல்’ என்ற இரசவாதச் சொல்லோடு உறவுடையது. வேதியியல் என்றதும் நமக்குச் சேர்மங்களும் வினைகளும் நினைவுக்கு வருகின்றன. சூரியக் காற்றில் சேர்மமே இல்லை. அங்குள்ளவை எலக்ட்ரான்களும், எலக்ட்ரான்களை இழந்த அணுக்களான அயனிகளும் மட்டுமே. அயனிகளில் ஏறத்தாழ 95 விழுக்காடு புரோட்டான்கள், நான்கு விழுக்காட்டளவு ஹீலியம். கார்பன், ஆக்சிஜன், நியான், மக்னீசியம், சிலிக்கன், இரும்பு எல்லாம் சேர்ந்தும் ஒரு விழுக்காட்டை எட்டுவதில்லை. சூரியனின் மையத்தில் ஹைட்ரஜன் ஹீலியமாவது வேதித்தல்தான், ஆனால் அந்த ஹீலியம் இந்தக் காற்றில் வருவதில்லை. புற அடுக்குகள் பெரும்பாலும் சூரியன் பிறந்தபோது இருந்த பொருளையே இன்னும் வைத்திருக்கின்றன. ஆகவே ‘தனிம இயைபு’ என்பதே பொருத்தம்.

அதுவும் எந்த முறையில் அளக்கிறோம் என்பதைப் பொறுத்தது. 1969இல் அப்பல்லோ-11 வீரர்கள் நிலவில் ஓர் அலுமினியத் தாளைச் சூரியனை நோக்கி விரித்து நிறுத்தி, 77 நிமிடங்கள் கழித்துச் சுருட்டி எடுத்துவந்தனர். பெர்ன் பல்கலைக்கழகத்தின் யோகன்னஸ் கைஸ் தலைமையில் வடிவமைக்கப்பட்ட ஆய்வு அது. தாளில் ஊன்றிப் புதைந்த ஹீலியம், நியான் அணுக்களை ஆய்வகத்தில் வெப்பத்தால் வெளியேற்றி, அணுக்களை நிறைவாரியாகப் பிரிக்கும் நிறை நிறமாலைமானியில் எண்ணினார்கள். 2001இல் ஏவப்பட்ட ஜெனிசிஸ் விண்கலம் இதே முறையைச் சிலிக்கன், நீலக்கல், தங்கம், வைரம் பதித்த தகடுகளைக் கொண்டு இரண்டாண்டுகளுக்கு மேல் செய்தது. 2004 செப்டம்பர் 8 அன்று வான்குடை விரியாமல் அதன் கலன் யூட்டா பாலைவனத்தில் மோதி நொறுங்கியது. வேகம் குறைவதை உணர்ந்து வான்குடையை விரிக்க வேண்டிய உணர்கருவிகள் தலைகீழாகப் பொருத்தப்பட்டிருந்ததே காரணம். ஆயினும் அந்தச் சில்லுகளே, பூமியைவிடச் சூரியனில் ஆக்சிஜன்-16 என்ற ஐசோடோப்பின் (ஒரே தனிமத்தின் வேறு நிறையுள்ள அணுவகை) விகிதம் மிகுதி என்பதை 2011இல் காட்டின. தகட்டில் புதைந்த அயனி தன் மின்னூட்டத்தை இழந்துவிடும். அதனால் இம்முறையில் கிடைப்பது தனிம இயைபும் ஐசோடோப்பு இயைபும் மட்டுமே.

யுலிசிஸ், ஏஸ் விண்கலங்களின் கருவிகள் அயனியைப் பறக்கும்போதே அளந்தன. மின்புலத்தில் வளைத்து ஆற்றலுக்கும் மின்னூட்டத்துக்கும் உள்ள விகிதத்தைப் பெற்று, குறிப்பிட்ட தொலைவைக் கடக்கும் நேரத்தால் வேகத்தையும், இறுதியில் மோதும் உணரியால் ஆற்றலையும் அறிந்தால், நிறை, மின்னூட்டம் இரண்டையும் பிரித்துவிடலாம். அப்போது ஆக்சிஜன் என்று மட்டும் சொல்வது போதாது. ஆறு எலக்ட்ரான்களை இழந்ததா, ஏழு எலக்ட்ரான்களை இழந்ததா என்று கேட்க வேண்டும். அயனி சூரியனை விட்டு விலகும்போது மின்னூட்ட நிலை உறைந்துவிடுவதால், இவ்விரண்டின் விகிதம் அது புறப்பட்ட இடத்தின் வெப்பநிலையைச் சொல்கிறது. கரோனாத் துளைகளிலிருந்து (கரோனாவில் வெப்பமும் அடர்த்தியும் குறைந்த பகுதிகள்) வரும் வேகமான காற்றில் ஏழு எலக்ட்ரான்களை இழந்த ஆக்சிஜன் குறைவு. இந்த அளவீட்டுக்குத் ‘தனிம இயைபு’ என்ற பெயரும் குறைபட்டுப்போகிறது. ‘அயனி இயைபு’ என்றே எழுத வேண்டும். 2024 ஜனவரி 6 முதல் எல்-1 புள்ளியை (பூமிக்கும் சூரியனுக்கும் இடையே ஈர்ப்புகள் சமன்படும் இடம்) சுற்றிவரும் இந்தியாவின் ஆதித்யா விண்கலத்தில், அகமதாபாத் இயற்பியல் ஆய்வகம் உருவாக்கிய ஸ்விஸ் (SWIS) கருவி புரோட்டான்களையும் ஆல்ஃபா துகள்களையும் (எலக்ட்ரான்களை இழந்த ஹீலியம்) தனித்தனியே எண்ணுவதும் இந்த அயனி இயைபைத்தான்.