குன்னூர் செம்மண்ணுக்குள் உருண்டைக் கல் எப்படி வந்தது?

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும்போது, சாலைக்காக மலையை வெட்டிய இடங்களைக் கவனியுங்கள். செம்மண் சுவருக்குள் ஆளுயரத்துக்கு உருண்டைக் கற்கள் பதிந்திருக்கும். ஏதோ பழைய ஆறு உருட்டிக்கொண்டு வந்து போட்டதுபோலத் தோன்றும். ஆனால் அவை எங்கிருந்தும் வரவில்லை. கல் இருந்த இடத்திலேயே இருக்கிறது. சுற்றியிருந்த பாறைதான் மண்ணாகிவிட்டது.

நீலகிரியின் பெரும்பகுதி சார்னோகைட் என்ற பாறை. சென்னைப் பல்லாவரத்தில் கிடைப்பதும் இதே இனம்தான். சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமிக்கடியில் வெகு ஆழத்தில், 700 டிகிரி செல்சியஸைத் தாண்டிய வெப்பத்தில் உருவானது. மேலே கிடந்த பாறைகள் காலப்போக்கில் அரித்துப்போனதும் இது வெளியே வந்தது. பாரம் குறைந்த பாறை விரியும். விரிந்தால் விரிசல் விடும். அப்படிக் குறுக்கும் நெடுக்குமாக விழுந்த விரிசல்கள் பாறையைப் பெரிய கட்டிகளாகப் பிரித்துவைத்தன.

அந்த விரிசல்கள் வழியாகத்தான் மழைநீர் இறங்குகிறது. மழைநீர் வெறும் தண்ணீர் அல்ல. காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயு கரைந்து, அது மென்மையான அமிலமாகியிருக்கும். பாறையிலுள்ள ஃபெல்ஸ்பார் என்ற கனிமம் இந்த அமிலம் பட்டுக் களிமண்ணாகிறது. பைராக்ஸீன் என்ற இன்னொரு கனிமத்திலிருந்து வெளியேறும் இரும்பு ஆக்சிஜனோடு சேர்ந்து துருவாகிறது; மண்ணின் சிவப்பு அதுதான். குவார்ட்ஸ் என்ற கடினமான கனிமம் மட்டும் அசையாமல் மணலாக மிஞ்சும். மழையும் நல்ல வடிகாலும் நீண்ட காலம் சேர்ந்தால் சிலிக்காவும் கரைந்துபோய் அலுமினியம் மிஞ்சும். நீலகிரியிலும் பழனி மலையிலும் பாக்சைட் என்ற அலுமினியத் தாது இருப்பது இதனால்தான்.

சரி, உருண்டை வடிவம்? கட்டியின் தட்டையான முகத்தை நீர் ஒரு பக்கமிருந்து தாக்குகிறது. விளிம்பை இரண்டு பக்கமிருந்து, மூலையை மூன்று பக்கமிருந்து. அதனால் மூலைதான் முதலில் மக்குகிறது. மக்கிய படலம் நீரேறி உப்பி, வெங்காயத் தோல்போல அடுக்கடுக்காக உரிகிறது. நடுவில் உறுதியான கல் மட்டும் எஞ்சுகிறது. தேயிலைத் தோட்டங்களில் செடிகளுக்கு நடுவே தலைநீட்டும் பாறைகளில் பலவும் இவைதான். மேல்மண்ணை மழை கொண்டுபோனதால் வெளியே தெரிகின்றன.

சந்தேகம் இருந்தால் வெட்டுச்சுவருக்குப் பக்கத்தில் போய்ப் பாருங்கள் (மழைக்காலத்தில் வேண்டாம்). சில இடங்களில் விரலகல வெள்ளைக் குவார்ட்ஸ் கோடு ஒன்று மண்ணுக்குள் அறுபடாமல் ஓடும். நகத்தால் கீறினாலே உதிரும் மண்ணில் பாறையின் பழைய கோடு அப்படியே இருக்கிறது! வேறிடத்திலிருந்து சரிந்து வந்த மண்ணாக இருந்தால் அது சிதறியிருக்கும்.

ஆபத்தும் இதிலேயே இருக்கிறது. மேலே தடித்த மக்கிய மண், கீழே நீர் எளிதில் இறங்காத பாறை. அடைமழையில் ஊறிய நீர் பாறை முகத்தில் தேங்குகிறது. மண்துகள்களுக்கிடையே நீரின் அழுத்தம் ஏற ஏற, துகள்களின் பிடிப்பு தளர்கிறது. மண்ணின் எடையும் கூடியிருக்கும். அப்புறம் சரிவுதான், உள்ளே இருந்த உருண்டைகளோடு சேர்த்து. 2009 நவம்பரில் நீலகிரியில் ஏற்பட்ட நிலச்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வடகிழக்குப் பருவமழையில் மலை ரயில் அடிக்கடி ரத்தாவதும் தண்டவாளத்தில் மண்ணும் பாறையும் விழுவதால்தான்.

இந்த நிலையில் சரிவின் அடியைப் பொக்லைன் வைத்துச் செங்குத்தாக வெட்டி வீடு கட்டுவது, மேலிருக்கும் மண்ணுக்கு இருந்த தாங்கலைப் பிடுங்குவதுதான். தடுப்புச்சுவர் எழுப்பினாலும் பின்னால் சேரும் நீர் வெளியேற வழி வேண்டும். சுவரில் வரிசையாகத் தெரியும் குழாய்கள் அதற்குத்தான். அசிங்கமாக இருக்கிறது என்று சிலர் அவற்றைப் பூசி அடைத்துவிடுகிறார்கள். அந்த நீர் முழுக்கச் சுவரைத் தள்ளத் தொடங்கும். மழையில் அந்தக் குழாய்கள் வழியே தெளிந்த நீர் வடிந்தால் நல்லது. செந்நிறமாகக் கலங்கி வந்தால், சுவருக்குப் பின்னால் மண் அரித்துக்கொண்டிருக்கிறது.